பிஸ்மார்க் நீலமும் எங்கள் அப்பாயியின் அட்டியலும்

கேள்வி: பொகவந்தலாவை வாசகர், ஜூலை 6

வாஷிங்டன் மியூசியத்தில் இருக்கும் பிஸ்மார்க் நீலக்கல் நெக்லஸ் படம் பார்த்தேன். கல் இலங்கையில் வாங்கியது என்று போட்டிருக்கிறது. யாரோ ஒரு சீமாட்டி கழுத்தில் கிடந்ததால் அவள் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நம்ம மண்ணில் எடுத்த கல்லை நாம் திருப்பிக் கேட்க வேண்டாமா?

ஜூலை 6, இரவு

அந்த நெக்லஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நடுக்கல் 98.57 காரட். ஐந்து காரட் ஒரு கிராம், எட்டு கிராம் ஒரு பவுன். கணக்குப் போட்டால் ஏறத்தாழ இரண்டரைப் பவுன் எடை வரும், ஒரே கல்லில். கார்ட்டியே கம்பெனி செய்த நகை. பிளாட்டினத்தில் வைரங்களும் சின்ன நீலங்களும் சூழ்ந்திருக்கும்.

போட்டிருந்தவர் மோனா. 1897ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் பிறந்தவர். அப்பா குதிரைப் பண்ணையில் வேலை பார்த்தவர். தாய் தகப்பன் பிரிந்ததும் பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளை. மூன்றாவதாகக் கட்டியவர் ஹாரிசன் வில்லியம்ஸ், மின்சாரக் கம்பெனிகளால் அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானவர். 1926ல் கல்யாணம். தேனிலவுக்குக் கப்பலில் உலகம் சுற்றினார்கள். அந்தப் பயணத்தில் இங்கே வந்தபோது வாங்கியதுதான் இந்தக் கல். 1933ல் பாரிஸ் தையல் மேதைகள் உலகத்திலேயே நன்றாக உடுத்துகிற பெண் என்று இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெயரை வாங்கிய முதல் அமெரிக்கர் இவர். பிற்பாடு ஜெர்மனியின் பழைய சான்சலர் பிஸ்மார்க்கின் பேரனைக் கட்டினார். நகையின் பெயர் அங்கிருந்து வந்தது. 1967ல் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நம்ம ஊர்க் கல்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கியது. களவு போனதைத்தான் திருப்பிக் கேட்கலாம்.

ஜூலை 7

"நம்ம ஊர்க் கல்தான்" என்று நேற்று அடித்து எழுதியது பிழை. இன்று காலை ஏழு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தபோதுதான் உறைத்தது. வாங்கின இடம் வேறு, தோண்டின இடம் வேறு. அந்தக் கல் பர்மாவில் எடுத்தது என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள், இலங்கைக் கல் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். கொழும்பு அந்தக் காலத்தில் கப்பல்கள் வந்து தங்கிப் போகிற துறைமுகம். கல் வியாபாரம் அங்கே வெளியூர்க்காரர்களை நம்பி நடந்தது. எந்த ஊர்க் கல்லும் வந்து சேரக்கூடிய சந்தை அது.

சாதாரணமாக இலங்கை நீலம் கொஞ்சம் வெளிறி, வெயிலில் வானம் போல இருக்கும். பர்மா நீலம் கரு நீலத்துக்கு இழுக்கும். விதிவிலக்கு இரண்டு பக்கமும் உண்டு. உள்ளே பட்டு நூல் மாதிரி ஓடும் ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகளைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்துக் கல்லின் ஊரைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கைக் கல்லில் அந்த ஊசிகள் பெரும்பாலும் நீளம், பர்மாக் கல்லில் கட்டை.

பொகவந்தலாவைக்காரருக்கு மனம் சங்கடப்படும். அதே மியூசியத்தில் சந்தேகமே இல்லாத இலங்கை நீலம் ஒன்று இருக்கிறது: லோகன் நீலம், 422.99 காரட். பத்தரைப் பவுனுக்கு மேல் எடை. சுற்றி இருபது வைரம் வைத்த புரோச் அது. அதுவும் ஒரு அமெரிக்கச் சீமாட்டி 1960ல் கொடுத்ததுதான், அவர் பெயரைத்தான் சுமக்கிறது. நியூயார்க்கில் இருக்கும் 563 காரட் நட்சத்திர நீலமும் இலங்கைக் கல்லே. அதற்குப் போய் "இந்தியாவின் நட்சத்திரம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் ஆகச் சங்கடம்.

ஜூலை 7, பின்னேரம்

நானுஓயாவிலிருந்து ஒருவர், "நீலம் வீட்டுக்கு ஆகாது, அந்த அம்மா ஐந்து கல்யாணம் பண்ணியதே அதனால்தான்" என்கிறார். ஐந்து கல்யாணம் சரி. முதல் இரண்டும் கல் வாங்குவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்தவை, பாவம் கல்லின் மேல் பழி போட வேண்டாம். மூன்றாவது கணவரோடு அவர் சாகும்வரை, 1953 வரை, இருபத்தேழு வருஷம் வாழ்ந்திருக்கிறார்.

ஆனால் அந்தப் பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. சனியின் கல் என்பார்கள். மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்து, கெட்ட கனவு வராவிட்டால்தான் போடலாம். அப்பாயி நீல நிற வளையல் கூட வாங்கித் தர மாட்டார்.

ஜூலை 9

கல் தோண்டும் குழியைப் பற்றிக் கேட்டவருக்கு. என் பெரியப்பா மகன் பொகவந்தலாவைப் பக்கம் கெஹெல்கமு ஓயா கரையில் கொஞ்ச காலம் கல்லு தோண்டினவர். லைசன்ஸ் இல்லாத குழி. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம், அது தெரிந்துதான் இறங்கினார்கள். ராத்திரியில் வேலை. தலையில் டார்ச். மேல் மண், பிறகு களி, பிறகு மணல், அதற்கும் கீழே சரளையாக ஒரு படுகை வரும். அதை 'இல்லம்' என்பார்கள். சிங்களச் சொல், நம்ம ஆட்களும் அப்படியே சொல்வார்கள். நீலம், சிவப்பு, புஷ்பராகம் எல்லாம் கொரண்டம் என்ற ஒரே கனிமம். வைரத்துக்கு அடுத்த கடினம், கனமும் அதிகம். மலைப்பாறை பல லட்சம் வருஷமாகக் கரைந்து ஓடையில் உருளும்போது மற்றதெல்லாம் தேய்ந்து போகும், இது தேயாமல் கனத்தால் அடியில் தங்கும். அதனால்தான் சரளைக்குள் தேடுகிறார்கள்.

அண்ணன் சொன்ன ஒரு காட்சி மறக்காது. மூங்கில் கூடையில் இல்லத்தைக் கொட்டித் தண்ணீருக்குள் வைத்துச் சுழற்றுவார்கள். களி மஞ்சளாகக் கரைந்து ஓடும். கடைசியில் கூடையின் அடியில் கறுப்பாக ஒரு கைப்பிடி கனத்த மணல் நிற்கும். அதைச் சாய்த்து ஒருவர் மட்டும்தான் பார்ப்பார். மற்றவர்கள் கூடையைப் பார்க்க மாட்டார்கள், அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எட்டு மாதத்தில் அண்ணன் பங்குக்குக் கிடைத்தது பால் மாதிரி வெளுத்த ஒரு கெவுடாக்கல். முன்பெல்லாம் அதை யாரும் மதிப்பதில்லை. 1970களில் தாய்லாந்துக்காரர்கள் வாங்கிக் கொண்டுபோய், 1500 பாகைக்கு மேல் சூடாக்கி நீலமாக்கி விற்ற பிறகுதான் அதற்கு விலை வந்தது. உள்ளே இருக்கும் டைட்டேனியம் சூட்டில் கரைந்து, இரும்போடு சேர்ந்து நீலம் கொடுக்கிறது. அண்ணனுக்குத் தரகர் கொடுத்தது வீட்டுக் கூரைக்கு நாலு தகரம் வாங்கத்தான் போதுமாயிருந்தது.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழிகளால் ஆற்றங்கரை சரிந்து, களி போய்க் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்குகிறது. அண்ணன் தோண்டியதை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை.

ஜூலை 10

மோனாவின் கல்லை அந்தக் காலத் தோட்டச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள் என்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது 1927ல். அதன்படி 1929 தொடக்கத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் நாள் சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மோனா வந்து போன சில வருஷங்களில் நடந்தது இது. கல் எந்தக் குழியிலிருந்து வந்தாலும் சரி, அந்தச் சீமாட்டி குடித்த தேயிலையைப் பறித்தவளுக்கு 43 சதம்.

அப்பாயியின் அம்மா அந்த 43 சதக்காரிகளில் ஒருத்தி. ஆனால் அவர் கழுத்தில் ஒரு கெம்புக்கல் அட்டியல் இருந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும். இன்றைக்கு முடியாது.

ஜூலை 12

அட்டியல். கழுத்தை ஒட்டிக் கிடக்கும், பூ இதழ் மாதிரித் துண்டு துண்டாகக் கோத்தது, பதின்மூன்று துண்டு. நடுவில் ஒரு பதக்கம் தொங்கும். அப்பாயி அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பழைய படங்குத் துணியில் சுற்றி, லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அடுப்புக்குப் பின்னால் சுவரில் இருந்த பொந்தில் வைத்திருந்தார். தைப்பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும். எடுத்ததும் அடுப்புப் புகை மணம் அடிக்கும். எனக்குத் தங்கத்தின் வாசமே அதுதான் என்று ரொம்ப நாள் நினைப்பு.

ஒரு தடவை கல் ஒன்று ஆடுகிறது என்று ஹட்டனில் பத்தரிடம் கொண்டு போனோம். எனக்குப் பத்து வயது. அவர் ஊசியால் ஓரத்தைக் கிளப்பினார். கல் தெறித்து மேசையில் விழுந்தது. பார்த்தால் சிவப்பே இல்லை, கழுவி வைத்த தக்காளித் தோல் மாதிரி ஒரு மங்கல். சிவப்பெல்லாம் குழிக்குள் ஒட்டியிருந்த தாளில் இருந்தது. அதற்கும் கீழே கறுத்த அரக்கு. அப்பாயி முகம் செத்துப் போனது. பத்தர் நல்ல மனுஷன். "பழைய வேலை எல்லாம் இப்படித்தான் ஆச்சி, நல்ல கல்லுக்கும் தாள் வைப்பார்கள்" என்று சொல்லி, அரக்கை இளக்கித் திரும்ப வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஜூலை 12, இரவு

பதக்கம் எங்களிடம் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன். அப்பாயியின் தங்கை குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில் இந்தியாவுக்குப் போனது. இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று எழுதிய ஒப்பந்தம். அக்காவுக்கு இங்கே, தங்கைக்கு அங்கே. 1972ல் ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அதற்கு முந்தின ராத்திரி அப்பாயி பதக்கத்தை மட்டும் கழற்றித் தங்கையின் கையில் வைத்து மூடினாராம். அட்டியல் அக்காவிடம், பதக்கம் தங்கையிடம். அவர்கள் கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். இங்கேயும் கொழுந்து, அங்கேயும் கொழுந்து.

ஜூலை 14

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார்: "43 சதம் வாங்கிய பெண்ணுக்குத் தங்க அட்டியல் எப்படி வரும்? உங்கள் பூட்டன் கங்காணியா?"

ஆம். சில்லறைக் கங்காணி. இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அவருக்குக் கீழே இருபது, இருபத்தைந்து பேர். ஆள் வேலைக்கு இறங்கினால் ஒரு தலைக்கு இத்தனை சதம் என்று தோட்டம் கங்காணிக்குத் தரும், தலைக்காசு. காய்ச்சலோடு படுத்தவரையும் பிரட்டுக்களத்துக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பிக்கொண்டு போனால்தான் அந்தக் காசு. கடன் சீட்டோடு ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. பூட்டன் அதற்கு முன்னாலேயே கங்காணி.

நெக்லஸுக்கு அந்தச் சீமாட்டியின் பெயர் மட்டும் ஏன் என்று கேட்கிற நான், அட்டியலை இத்தனை வருஷமும் "அப்பாயியின் அட்டியல்" என்றுதான் சொல்லி வந்தேன். அந்த இருபத்தைந்து பேரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மஸ்கெலியாக்காரர் கேட்டது நியாயம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஜூலை 14, கொஞ்சம் கழித்து

கங்காணி பெண்சாதியும் கூடை சுமந்தாள் என்பதும் உண்மை. ஒன்று உண்மை என்பதால் மற்றது பொய்யாகாது.

ஜூலை 17

அட்டியல் இப்போது எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை.

1996ல் எனக்குப் பத்தனை கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளைச் சேலை, பெட்டி, மெத்தை, புத்தகம் என்று வாங்க வேண்டிய பட்டியல் நீளம். அப்பாயி டின்னைத் திறந்து, "அடகு வை, நீ சம்பளம் எடுத்ததும் மீட்டுத் தா" என்றார். பக்கத்து டவுனில் ஒரு கடையில் நானே கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்குக் காசு போட்டார். துண்டு துண்டாக அழுத்திப் பார்த்து, "கல்லுக்குக் கணக்கில்லை தங்கச்சி" என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

வட்டி கட்டிக்கொண்டுதான் வந்தோம். ஒரு வருஷம் தவறியது. ஏலத்துக்குப் போகிறது என்று கடையிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார்கள். எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால் உண்டு. அந்தக் கடிதம் ஆபிசில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. கைக்கு வந்த அன்றே ஓடினேன். ஏலம் முடிந்து பதினொரு நாள். உருக்கியிருப்பார்கள் என்றார் கடைக்காரர். கல்லெல்லாம் எங்கே என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

அப்பாயி திட்டவில்லை. 2003ல் சாகும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு முறையாவது திட்டியிருந்தால் நானும் அழுது முடித்திருப்பேன்.

ஜூலை 18

மோனாவைப் பற்றி நான் இதுவரை எழுதியதை இன்று திரும்ப வாசித்தேன். சீமாட்டி என்று தள்ளி வைத்தே எழுதியிருக்கிறேன். அவர் கல்லை விற்கவில்லை, உருக்கவில்லை. 1943ல் ஓவியர் டாலி அவரைக் கிழிந்த கறுப்பு உடையில், வெறுங்காலோடு வரைந்தார். உலகமே உடைக்காகக் கொண்டாடிய பெண்ணை அப்படி ஒருவர் வரைய, அதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். காப்ரித் தீவில் தோட்டம் போட்டு, மண்ணில் கை வைத்து வேலை செய்தவர். 1983ல் பாரிசில் காலமானார். அவர் கொடுத்த மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கூலிக்காரியும் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

எனவே பொகவந்தலாவை வாசகருக்கு என் இப்போதைய பதில்: திருப்பிக் கேட்க வேண்டாம். மியூசியத்தில் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்போம். பட்டை தீட்டியவன் ஒருவன் இருந்தான், கூடை சுழற்றியவன் ஒருவன் இருந்தான் என்று. பெயர் இல்லாவிட்டாலும் வேலையை எழுதலாமே.

ஜூலை 21

கூடலூரில் சின்னப்பாயியின், அதாவது அப்பாயியின் தங்கையின், பேத்தியை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். சின்னப்பாயி இருக்கிறார், தொண்ணூறு தாண்டிவிட்டது. பதக்கமும் இருக்கிறது!

ஜூலை 22

படம் வந்தது. பேத்தியின் உள்ளங்கையில், ஜன்னல் வெளிச்சத்தில். நான் பதக்கத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இரண்டு பக்கமும் கழுத்தை வளைத்த அன்னம், ஓரம் முழுக்கச் சிவப்பு. நடுவில் சிவப்பு இல்லை. துவரம் பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு நீலக்கல்.

நீல வளையல் கூட வாங்கித் தராத வீடு எங்கள் வீடு. நாலு முறை பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஜூலை 23

சின்னப்பாயி வாயால் வந்ததை அப்படியே தருகிறேன், பேத்தி பதிந்து அனுப்பியது: "அது எங்கப்பன் ஆள வுட்டு கான் வெட்டுறப்ப ஒரு பொடியன் எடுத்துக் குடுத்தது. அவனுக்கு ஒரு வேட்டியும் அரிசியும் குடுத்தாராம். எங்கம்மா நடுவுல வச்சுக் கட்டச் சொன்னா. அக்காளுக்குப் பயம், நீலம் ஆவாதுன்னு. அதான் எங்கிட்டக் குடுத்துட்டா."

கான் என்றால் மலையில் வெட்டும் வாய்க்கால், வெளியூர் வாசகர்களுக்காக. அந்தப் பொடியன் பெயர் என்ன என்று கேட்கச் சொன்னேன். சின்னப்பாயி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பழனிமலைப் பக்கத்து ஆளுக, பேரு வரமாட்டேங்குது" என்றாராம்.

அன்பினால் பிரித்துக் கொடுத்தார் என்ற நினைப்பில் ஜூலை 12ல் எழுதினேனே, அதில் பயமும் இருந்திருக்கிறது. அந்தக் குறிப்பை அழிக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

ஜூலை 26

கல் நிஜமா கண்ணாடியா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். பேத்தி நேற்று கூடலூரில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டு போனாள். பின்பக்கம் மூடின கட்டு, கழற்றினால்தான் பார்த்துச் சொல்லலாம் என்று கடைக்காரர் ஊசியை எடுத்தாராம். சின்னப்பாயியும் கூடப் போயிருக்கிறார். கையை நீட்டிப் பதக்கத்தைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "அரக்கு உட்டுப் போயிரும், வேண்டாம்" என்று எழுந்துவிட்டாராம்.

தை மாசம் போகிறேன். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாயிற்று. பெயர் ஞாபகம் வந்தால் உடனே எழுதி வைக்கச் சொல்லி பேத்தியிடம் ஒரு கொப்பி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.